கோட்ஸ் எங்கே திறந்தது, எங்கே மூடியது? எச்டிஎம்எல் ஆட்ரிபியூட் தவறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் எச்டிஎம்எல் படிக்கிறவர்களுக்கான பக்கம் இது. உதாரணங்கள் எல்லாம் ஒரு பலகாரக் கடைக்கான பயிற்சிப் பக்கத்தை வைத்து எழுதப்பட்டவை: மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, ஆர்டர் படிவம், ஊர்ப் படங்கள்.

படிக்கும் முன் ஒன்று. டேக், ஆட்ரிபியூட், ஃபைல் பெயர்களை இங்கே உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். எச்ரெஃப் என்றால் எச், ஆர், இ, எஃப் என்ற நான்கு எழுத்து. எஸ்ஆர்சி மூன்றெழுத்து. ஐஎம்ஜி என்பது படத்துக்கான டேக், ஏ என்பது லிங்குக்கான டேக். எச்ரெஃப், எஸ்ஆர்சி மாதிரி டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரம்தான் ஆட்ரிபியூட். குறிகளை (<, >, =, ") மட்டும் இருக்கிறபடியே போடலாம். இவற்றில் " என்ற மேற்கோள் குறியைத்தான் கோட்ஸ் என்கிறோம். கோட் என்று மட்டும் வந்தால் அது நீங்கள் எழுதும் நிரல்.

ஆட்ரிபியூட்டின் சரியான வடிவம் என்ன?

<ஐஎம்ஜி எஸ்ஆர்சி="முறுக்கு.ஜேபிஜி" ஆல்ட்="தட்டில் கைமுறுக்கு">

டேக் பெயர், ஒரு ஸ்பேஸ், ஆட்ரிபியூட் பெயர், சமக்குறி, கோட்ஸுக்குள் மதிப்பு. அடுத்த ஆட்ரிபியூட்டுக்கு முன் மறுபடி ஒரு ஸ்பேஸ். திறக்கும் டேக்கில் மட்டும்தான் ஆட்ரிபியூட் வரும். வீட்டுப் பெயர்ப்பலகையை முகப்பில் மாட்டுவோம், பின்கட்டில் மாட்டமாட்டோம் அல்லவா, அப்படித்தான். மூடும் டேக்கில் எழுதினால் பிரவுசர் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

"சத்தமில்லாமல்" என்பதுதான் தொல்லையே. ஜாவாஸ்கிரிப்ட்டில் தவறு செய்தால் கன்சோலில் சிவப்பாக ஒரு வரி வரும். எச்டிஎம்எல்லில் அதுகூட வராது. எதை எழுதினாலும் பிரவுசர் தானாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு பக்கத்தைக் காட்டும். அதனால் ஆட்ரிபியூட் தவறைத் தேடும்போது "நான் என்ன எழுதினேன்" என்று பார்த்துப் பயனில்லை. "மதிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்ததாகப் பிரவுசர் எடுத்துக்கொண்டது" என்று பாருங்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில் அவிழ்ந்துவிடும்.

லிங்க் போட்ட வரிக்குக் கீழே படம் காணவில்லை. அதற்கும் கீழே உள்ள பத்தி முழுவதும் நீலமாக, அடிக்கோடோடு தெரிகிறது. ஏன்?

மூடும் கோட்ஸ் விடுபட்டிருக்கிறது. இப்படி எழுதியிருப்பீர்கள்:

<ஏ எச்ரெஃப்="பலகாரம்.எச்டிஎம்எல்>பலகாரங்கள்</ஏ>
<ஐஎம்ஜி எஸ்ஆர்சி="சீடை.ஜேபிஜி">

பிரவுசர் இதைப் படிக்கும் விதம் இது. எச்ரெஃப்புக்குப் பிறகு கோட்ஸ் திறந்தது. அடுத்த கோட்ஸ் வரும்வரை எல்லாம் மதிப்புதான். நடுவில் வரும் > குறியும், "பலகாரங்கள்" என்ற சொல்லும், மூடும் </ஏ>-வும், படத்தின் டேக்கில் எஸ்ஆர்சி= வரையும் அந்த மதிப்புக்குள் போய்விடும். அடுத்த கோட்ஸ் எங்கே இருக்கிறது? சீடைப் படத்தின் பெயருக்கு முன்னால். நீங்கள் திறப்பதற்காகப் போட்ட கோட்ஸைப் பிரவுசர் மூடுவதாக எடுத்துக்கொள்கிறது. பிறகு சீடை.ஜேபிஜி என்பதையே ஒரு ஆட்ரிபியூட் பெயராக நினைத்து, அதை அடுத்து வரும் > குறியில் லிங்க் டேக்கை முடிக்கிறது. லிங்கின் எழுத்தும் படமும் விழுங்கப்பட்டுவிட்டன. மூடும் </ஏ>-வும் விழுங்கப்பட்டதால் கீழே வரும் பத்தியெல்லாம் லிங்காகிவிட்டது.

கீழே வேறு கோட்ஸே இல்லை என்றால் இன்னும் மோசம். ஃபைல் முடியும்வரை எல்லாம் மதிப்பாகி, அந்த இடத்துக்குக் கீழே பக்கம் வெறுமையாக இருக்கும்.

இதில் ஒரு பாடம் உண்டு. தவறு தெரியும் இடமும் தவறு இருக்கும் இடமும் வேறு வேறு. படம் வரவில்லை என்று படத்தின் வரியையே அரைமணி நேரம் முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். கடைசியாகச் சரியாகத் தெரிகிற பொருள் எது என்று பாருங்கள். தவறு அதற்கு அடுத்த டேக்கில் இருக்கும். எடிட்டரின் நிறமும் உதவும். விஎஸ் கோடில் மதிப்புகள் ஒரு நிறம், டேக் பெயர்கள் இன்னொரு நிறம். மதிப்பின் நிறம் வரி தாண்டி ஓடினால், அது தொடங்கிய இடத்தில் கோட்ஸ் மூடவில்லை.

சந்தேகமான பகுதியை கமென்ட் ஆக்கிப் பார்த்தேன். அப்படியும் சரியாகவில்லையே?

மூடாத கோட்ஸ் கமென்ட்டுக்கு மேலே இருந்தால், கமென்ட் தொடங்கும் குறியையும் அது மதிப்போடு சேர்த்து விழுங்கிவிடும். கமென்ட்டைக் கீழிருந்து மேலாக நகர்த்திக்கொண்டே போங்கள். குற்றவாளி டேக் கமென்ட்டுக்குள் வந்ததும் பக்கம் சரியாகிவிடும்.

எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டேன், கோட்ஸும் மூடியிருக்கிறது. லிங்கைச் சொடுக்கினால் முகவரியில் சதவீதக் குறிகளாக வந்து "பக்கம் இல்லை" என்கிறது.

முகவரியில் சதவீதக் குறிகளுக்கு இடையே 80 என்ற எண் தென்படுகிறதா? அப்படியானால் உங்கள் கோட்ஸ் நேர் கோட்ஸ் இல்லை, வளைந்த கோட்ஸ்: “ ” இந்த இரண்டும். மனிதர் கண்ணுக்கு இரண்டும் கோட்ஸ்தான். எச்டிஎம்எல்லுக்கு வளைந்தவை வெறும் எழுத்து. க, ங, ச மாதிரி. கோட்ஸே போடாத மதிப்பாகக் கருதி, அந்த வளைந்த குறிகளையும் ஃபைல் பெயரோடு சேர்த்துத் தேடுகிறது பிரவுசர்.

மதிப்பில் ஸ்பேஸ் இருந்தால் கூத்து இன்னும் கூடும். ஆல்ட்=“ஆத்தங்குடி டைல்ஸ்” என்று எழுதினால், “ஆத்தங்குடி என்பது மட்டும் மதிப்பு. டைல்ஸ்” என்பது, வளைந்த குறியையும் ஒட்டிக்கொண்டு, தனி ஆட்ரிபியூட்டாகிவிடும். எஃப்12 தட்டி எலிமென்ட்ஸ் பகுதியில் பார்த்தால் அப்படியே தெரியும்.

பக்கத்தின் எழுத்துக் குறியீடு எது என்று சொல்லும் மெட்டா டேக்கின் சார்செட் மதிப்பில் வளைந்த கோட்ஸ் வந்தால் அந்த மதிப்பைப் பிரவுசர் அடையாளம் கண்டுகொள்ளாது. விளைவு, தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக வாயில் நுழையாத குறிகள். "என் தமிழ் ஃபான்ட் கெட்டுவிட்டது" என்று வருகிற புகார்களில் இதுவும் கலந்திருக்கும்.

இவை எங்கிருந்து வருகின்றன? நீங்கள் அடித்து வந்தவை அல்ல. வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதிவைத்த நோட்ஸ், பிடிஎஃப் பாடம், ஐஃபோனில் தட்டிய கோட் ஆகியவற்றிலிருந்து ஒட்டும்போது வந்தவை. ஐஃபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு போய் "ஸ்மார்ட் பங்சுவேஷன்" என்பதை அணைத்துவிடுங்கள். கூகுள் டாக்ஸில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ் போய் "ஸ்மார்ட் கோட்ஸ்" டிக்கை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒட்டிய ஃபைலுக்கு: விஎஸ் கோடில் கன்ட்ரோல் எச் தட்டி, மேல் பெட்டியில் வளைந்த திறப்புக் குறி, கீழ்ப் பெட்டியில் நேர் கோட்ஸ், எல்லாவற்றையும் மாற்று. பிறகு மூடும் குறிக்கும் அதையே செய்யுங்கள். ஒற்றைக் குறிக்கும் வளைந்த இணை உண்டு, அதையும் விடாதீர்கள். பக்கத்தில் வாசகர் படிக்கிற வாக்கியங்களில் வளைந்த கோட்ஸ் இருந்தால் அவையும் மாறும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

கோட்ஸும் நேர்தான். ஆனாலும் படத்தின் ஆல்ட் வேலை செய்யவில்லை, சில சமயம் படமே வரவில்லை.

ஸ்பேஸைச் சந்தேகியுங்கள். இணையப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒட்டிய கோடில் "பிரியாத ஸ்பேஸ்" என்ற வேறொரு எழுத்து வரக்கூடும். பார்க்க ஸ்பேஸ் மாதிரியே இருக்கும், ஆனால் எச்டிஎம்எல் அதை இடைவெளியாக ஏற்காது. ஆட்ரிபியூட்டுக்கு முன் அது இருந்தால் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்ட் என்பது ஆல்ட் இல்லாமல் போகும். ஐஎம்ஜி-க்கு அடுத்து இருந்தால் டேக் பெயரே கெட்டு, படம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. விஎஸ் கோட் இப்படிப்பட்ட மறைவான எழுத்துகளைச் சுற்றிப் பெட்டி போட்டுக் காட்டும். வேறு எடிட்டர் என்றால் அந்த ஸ்பேஸை அழித்துவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். ஒட்டிய கோடில் காரணமே தெரியாமல் ஒரு வரி மட்டும் அடம்பிடித்தால், அந்த வரியை முழுதாகக் கையால் திரும்ப அடிப்பது ஆராய்ச்சியைவிடச் சீக்கிரம் முடியும்.

சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடம் விடலாமா? ஆட்ரிபியூட்டுகளுக்கு நடுவே கமா?

இடம் விடலாம், வேலை செய்யும். யாரும் அப்படி எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

கமா கூடாது. கோட்ஸுக்கு வெளியே கமா போட்டால் "கமா" என்ற பெயரிலேயே ஒரு ஆட்ரிபியூட் பிறக்கும். பக்கம் பெரும்பாலும் ஓடிவிடும் என்பதால் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். கோட்ஸ் போடாமல் கிளாஸ்=டைல்ஸ், என்று எழுதினால் மட்டும் கமாவோடு சேர்த்து "டைல்ஸ்," என்பதே கிளாஸ் பெயராகிவிடும்; சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) பொருந்தாது.

கோட்ஸ் இல்லாமலே வேலை செய்கிறதே, பிறகு எதற்கு?

மதிப்பில் ஸ்பேஸ், இருவகைக் கோட்ஸ், சமக்குறி, <, >, சாய்ந்த பேக்டிக் குறி எதுவும் இல்லாதவரை வேலை செய்யும். எச்டிஎம்எல் விதியும் அதை அனுமதிக்கிறது. சிக்கல் வருகிற இடம் பின்னால் வரும் சாய்கோடு. <ஐஎம்ஜி எஸ்ஆர்சி=முறுக்கு.ஜேபிஜி/> என்று எழுதினால் அந்தச் சாய்கோடும் ஃபைல் பெயரில் சேர்ந்துவிடும், படம் வராது. எப்போதும் கோட்ஸ் போடுங்கள். எது பாதுகாப்பு, எது இல்லை என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிற வேலை மிச்சம்.

ஸ்டைலில் தமிழ் ஃபான்ட் பெயர் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஸ்டைல்="ஃபான்ட்-ஃபேமிலி: "நோட்டோ சான்ஸ் தமிழ்"" என்று எழுதியிருந்தால், கோலன் தாண்டியதுமே மதிப்பு முடிந்துவிட்டது. நோட்டோ, சான்ஸ், தமிழ் மூன்றும் தனித்தனி ஆட்ரிபியூட்டாகச் சிதறிவிட்டன. வெளியே இரட்டைக் கோட்ஸ் என்றால் உள்ளே ஒற்றை. வெளியே ஒற்றை என்றால் உள்ளே இரட்டை. ஆன்கிளிக் ஆட்ரிபியூட்டில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும்போதும் இதே விதி.

இரண்டும் தேவைப்படுகிற அபூர்வமான இடத்தில் உள்ளே வரும் இரட்டைக் கோட்ஸுக்குப் பதிலாக & குறி, கியூ-யு-ஓ-டி, செமிகோலன் என்று சேர்த்து எழுதுங்கள். பின்சாய்கோடு போட்டுத் தப்பிப்பது ஜாவாஸ்கிரிப்ட் பழக்கம். எச்டிஎம்எல்லில் அது செல்லாது.

ஸ்டைலில் நிறமும் வரவில்லை.

மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஸ்டைலுக்குள் சமக்குறி போட்டிருப்பீர்கள். உள்ளே இருப்பது சிஎஸ்எஸ். அங்கே கோலனும் செமிகோலனும்தான். இரண்டு, எழுத்துக்கூட்டல். நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம். கலர் என்ற சொல்லில் 'யு' வரும். சிஎஸ்எஸ்ஸில் 'யு' கிடையாது. சென்டர் என்பதிலும் 'இ' முந்தி, 'ஆர்' பிந்தி. மூன்று, ஆறெழுத்து நிற எண்ணுக்கு முன் # குறி. பழைய பிஜிகலர் ஆட்ரிபியூட்டில் # இல்லாமலும் நிறம் வரும், சிஎஸ்எஸ்ஸில் வராது. பிஜிகலர், அலைன் மாதிரியான ஆட்ரிபியூட்டுகள் பழைய வீடியோக்களிலும் பழைய பாடத்திட்டங்களிலும் இன்னும் வருகின்றன. பிரவுசர் அவற்றை இன்னமும் மதிக்கிறது, ஆனால் வேலிடேட்டர் (கோடைச் சரிபார்க்கும் கருவி) தவறென்று சொல்லும். புதிதாகப் பழகுகிறவர் நேராக சிஎஸ்எஸ்ஸுக்குப் போய்விடுவது நல்லது.

ஒரே டேக்கில் கிளாஸ் இரண்டு தடவை எழுதினேன். இரண்டாவது வேலை செய்யவில்லை.

ஒரே பெயரில் இரண்டு ஆட்ரிபியூட் வந்தால் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை பிரவுசர் எறிந்துவிடும். சிஎஸ்எஸ்ஸில் பின்னால் வருவது ஜெயிக்கும், இங்கே முன்னால் வந்தது. ஒரே கிளாஸ், உள்ளே ஸ்பேஸ் விட்டு இரண்டு பெயர்: கிளாஸ்="பலகாரம் இனிப்பு". கிளாஸ் பெயரை எண்ணில் தொடங்காதீர்கள். எச்டிஎம்எல் ஏற்கும், ஆனால் சிஎஸ்எஸ்ஸில் புள்ளிக்கு அடுத்து எண் வந்தால் அந்த விதியே செல்லாது.

பட்டனுக்கு டிசேபிள்டு="ஃபால்ஸ்" என்று கொடுத்தும் அது அமுக்க முடியாமலே கிடக்கிறது!

டிசேபிள்டு, செக்டு, ரெக்வயர்டு, ரீட்ஒன்லி, ஆட்டோபிளே, மியூட்டட் போன்றவை பூலியன் ஆட்ரிபியூட். பெயர் இருந்தாலே "ஆம்". உள்ளே ஃபால்ஸ் என்று எழுதினாலும், பூஜ்யம் போட்டாலும், காலியாக விட்டாலும் ஆம்தான். "இல்லை" என்று சொல்ல ஒரே வழி, ஆட்ரிபியூட்டையே எடுத்துவிடுவது.

எல்லாமே இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. டிராகபிள், ஏரியா-ஹிடன் ஆகியவற்றுக்கு ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று மதிப்பு எழுதியே ஆக வேண்டும். டிராகபிள் என்று வெறும் பெயரை மட்டும் எழுதினால் இழுக்க வராது.

நகரத்தார் ஒன்பது கோயில்களையும் ஒரே பக்கத்தில் போட்டு, மேலே பட்டியல் வைத்தேன். பெயரைச் சொடுக்கினால் அந்தப் பகுதிக்குப் போகவில்லை.

லிங்கில் # வேண்டும், ஐடியில் # கூடாது. எச்ரெஃப்="#நேமம்", ஐடி="நேமம்". மாற்றிப் போடுகிறவர்கள் ஏராளம். எச்ரெஃப்பில் # விட்டுப்போனால் நேமம் என்ற ஃபைலைத் தேடிப் போய்ப் பக்கம் இல்லை என்று வரும். ஐடியில் ஸ்பேஸ் வரக்கூடாது. ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருந்தால் லிங்க் முதலாவதற்கே போகும். ஒரு கோயிலின் பகுதியை நகலெடுத்து அடுத்ததை உண்டாக்கும்போது ஐடியை மாற்ற மறப்பதுதான் வழக்கமான காரணம். இலுப்பைக்குடியைச் சொடுக்கினால் மாத்தூர் வந்து நிற்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் ஐடியில் கணக்கு. ஆட்ரிபியூட் பெயரில்தான் அது கணக்கில்லை.

ஐடியை நிஜமாகவே தமிழ் எழுத்தில் வைக்கலாமா?

வைக்கலாம், இப்போதைய எச்டிஎம்எல் ஏற்கிறது. ஆனால் ஒரு கண்ணி உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய பாடங்கள் எதுவும் இதைச் சொல்லித் தராது. கொத்தமங்கலம் என்பதில் வரும் "கொ" கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம். க-வும் ஒற்றைக் குறியான ொ-வும் சேர்ந்து ஒரு விதம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரிந்து இன்னொரு விதம். திரையில் ஒரு புள்ளிகூட மாறாது. பிரவுசர் ஐடியை ஒப்பிடும்போது உள்ளே இருக்கும் குறியீட்டைத்தான் பார்க்கும். இரண்டும் வேறு என்று முடிவு கட்டிவிடும். ஐடியை ஒரு கீபோர்டில் அடித்து, லிங்கைப் பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிய கோப்பிலிருந்து ஒட்டினால் இது நடக்கும். கோட்டையூரின் "கோ"வுக்கும் இதே கதை. ஔ என்ற எழுத்தை ஒ, ள என்று இரண்டாக அடிக்கிறவர்களும் உண்டு.

கண்டுபிடிக்க: எஃப்12, கன்சோல். சந்தேகமான எழுத்தைக் கோட்ஸுக்குள் ஒட்டி, புள்ளி வைத்து லெங்த் என்று அடியுங்கள். "கொ"வுக்கு 2 வந்தால் சேர்ந்த வடிவம், 3 வந்தால் பிரிந்த வடிவம். தீர்வு எளிது. ஐடியிலிருந்து எழுத்தை நகலெடுத்து லிங்கில் ஒட்டுங்கள், மறுபடி அடிக்காதீர்கள். அல்லது ஐடிகளையும் ஃபைல் பெயர்களையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் வைத்துக்கொண்டு, வாசகர் பார்க்கும் இடத்தில் மட்டும் தமிழ் எழுதுங்கள். நாங்கள் சொல்வது இரண்டாவதை.

என் கணினியில் படம் தெரிகிறது. இணையத்தில் ஏற்றியதும் தெரியவில்லை.

எஸ்ஆர்சி மதிப்பை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். விண்டோஸ் ஃபைல் பெயரில் பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. கிட்ஹப் பேஜஸ் பார்க்கும், லினக்ஸ் சர்வர்களும் பார்க்கும். கேமராவிலிருந்து வந்த படங்களின் ஜேபிஜி என்ற வால் பெரிய எழுத்தில் இருக்கக்கூடும். நீங்கள் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். சி டிரைவில் தொடங்கும் முழுப் பாதை கொடுத்திருந்தால் அது உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. இணையத்தில் யாருக்கும் தெரியாது. ஃபைல் பெயரில் ஸ்பேஸ் வேண்டாம், சிறுகோடு போடுங்கள்.

தன் கணினியிலேயே தெரியாதவர்கள், விண்டோஸ் ஃபைலின் வாலை மறைத்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெயரை மாற்றும்போது நீங்களும் ஜேபிஜி சேர்த்தால் உண்மைப் பெயர் முறுக்கு.ஜேபிஜி.ஜேபிஜி ஆகிவிடும். விண்டோஸ் 11-ல் ஃபோல்டரின் வியூ மெனுவில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்.

விட்த்="300பிஎக்ஸ்" சரியா?

பிரவுசர் 300-ஐ எடுத்துக்கொண்டு பிஎக்ஸை விட்டுவிடும். விதிப்படி வெறும் எண் மட்டும். சிஎஸ்எஸ்ஸில் நேர்மாறு: பிஎக்ஸ் மாதிரி ஒரு அலகு இல்லாவிட்டால் அளவு செல்லாது.

ஆல்ட்டில் என்ன எழுத?

படம் வராத இடத்தில் அதைப் படித்தால் போதும் என்ற அளவுக்கு. "படம்1" என்பது யாருக்கும் உதவாது. "கண்ணாடித் தகட்டிலிருந்து பிரித்தெடுத்த ஆத்தங்குடி டைல்ஸ், நடுவில் பூ வேலை" என்றால் திரை வாசிப்பான் வைத்துக் கேட்கிறவருக்கும் புரியும். வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்="" என்று காலியாக விடுங்கள். காலியாக விடுவதும் எழுதாமலே விடுவதும் ஒன்றல்ல. எழுதாமல் விட்டால் சில திரை வாசிப்பான்கள் ஃபைல் பெயரையே உச்சரிக்கத் தொடங்கிவிடும்.

ஆர்டர் படிவத்தில் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ மூன்றையும் ஒரே சமயத்தில் தேர்ந்தெடுக்க முடிகிறது. எப்படித் தடுப்பது?

மூன்று ரேடியோ இன்புட்டுக்கும் நேம் ஒன்றாக இருக்க வேண்டும், வேல்யூ மட்டும் வேறு வேறாக. வேல்யூ எழுதாவிட்டால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் "ஆன்" என்றே போய்ச் சேரும். எத்தனை கிலோ என்று கடைக்காரருக்குத் தெரியாது. நேமே இல்லாத இன்புட் அனுப்பப்படவே மாட்டாது. லேபிளின் ஃபார் பொருந்த வேண்டியது ஐடியோடு, நேமோடு அல்ல. சோதிக்க, லேபிள் எழுத்தைச் சொடுக்குங்கள். வட்டம் நிரம்பினால் சரி.

எடையை எண்ணாக அடிக்கவிடும் பெட்டி வைத்தால் இன்னொரு சிக்கல். டைப் நம்பர் என்றால் இயல்பாக முழு எண் மட்டுமே ஏற்கும், 0.5 அடித்தால் படிவம் போகாது. ஸ்டெப்="0.25" சேர்க்க வேண்டும். கணக்கு மின் (குறைந்தபட்ச அளவைச் சொல்லும் ஆட்ரிபியூட்) மதிப்பிலிருந்து தொடங்கும் என்பதையும் மறக்காதீர்கள். மின்="0.1", ஸ்டெப்="0.25" என்று கொடுத்தால் 0.1, 0.35, 0.6 என்றுதான் ஏற்கும். கால் கிலோ கேட்டால் மறுக்கும். மின்னையும் 0.25 ஆக்குங்கள்.

கைபேசி எண்ணுக்கு டைப் நம்பர் வேண்டாம். அதில் மேக்ஸ்லெங்த் வேலை செய்யாது. டைப்="டெல்", மேக்ஸ்லெங்த்="10" போதும்.

டார்கெட்="பிளாங்க்" கொடுத்தேன், புது டேப் திறக்கிறது. பிறகு எதற்கு "_பிளாங்க்" என்று முன்னால் போடும் அந்த அடிக்கோடு?

அடுத்த லிங்கையும் சொடுக்கிப் பாருங்கள். அடிக்கோடு இல்லாவிட்டால் "பிளாங்க்" என்ற பெயருடைய ஒரே டேப்பில் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கும். அடிக்கோடு இருந்தால் ஒவ்வொரு லிங்குக்கும் புதுசு.

மெட்டா சார்செட் சரியாகத்தான் இருக்கிறது. தமிழ் மட்டும் கெட்டு வருகிறது.

அது ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8-ல் 3 பைட். மேலே நீளமாகத் தமிழில் கமென்ட் எழுதி வைத்தால் 341 குறியீட்டிலேயே அந்த இடம் தீர்ந்துவிடும், மெய்யின் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். ஹெட் டேக்குக்குள் முதல் வரியாக சார்செட்டை வைத்துவிடுங்கள். ஃபைலையும் யுடிஎஃப்-8 ஆகவே சேமியுங்கள்.

பிரவுசரில் சரியாகத் தெரிகிறது. பயிற்சித் தளம் மட்டும் தவறு என்கிறது.

பிரவுசர் மன்னிக்கும், பயிற்சித் தளத்தின் சோதனை மன்னிக்காது. அது மதிப்பை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடக்கூடும். கேட்ட வாக்கியத்தின் கடைசியில் முற்றுப்புள்ளி இருந்தால் புள்ளியும் சேரவேண்டுமா என்று பாருங்கள். மதிப்பின் முன்னும் பின்னும் ஸ்பேஸ் தங்கியிருக்கிறதா? முகவரியில் எச்டிடிபிஎஸ் விட்டுப்போனதா? கேட்ட ஆட்ரிபியூட்டைப் பக்கத்து டேக்கில் எழுதினீர்களா? ஆட்ரிபியூட் வரிசை மாறியிருப்பது காரணமாக இருப்பது அரிது.

ரியாக்ட் பாடத்தில் கிளாஸ்நேம் என்று வருகிறது. எது சரி?

இரண்டும், தத்தம் இடத்தில். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் ஜேஎஸ்எக்ஸில் (எச்டிஎம்எல் மாதிரியே தெரியும் அதன் எழுத்துமுறையில்) கிளாஸ்நேம், எச்டிஎம்எல்ஃபார். சாதாரண எச்டிஎம்எல் ஃபைலில் கிளாஸ், ஃபார்.

தவறை நானாகக் கண்டுபிடிக்க எதை முதலில் பார்க்க?

கன்ட்ரோல் யு தட்டினால் நீங்கள் எழுதியது தெரியும். எஃப்12-ல் எலிமென்ட்ஸ் பகுதி, பிரவுசர் புரிந்துகொண்டதைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, முதலில் வேறுபடுகிற இடத்தைத் தேடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல் யு பார்த்தால் தவறான இடங்கள் சிவப்பாகவே இருக்கும். குரோம் பழகியவர்களும் இதற்காக ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

டபிள்யூ3சி-யின் வேலிடேட்டரில் கோடை ஒட்டினால் வரி எண்ணோடு பட்டியல் வரும். நாற்பது தவறு வந்தால் மலைக்க வேண்டாம். முதலாவதை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். மூடாத ஒரு கோட்ஸே முப்பது தவறுகளைப் பெற்றுப் போட்டிருக்கும்.

இன்னொருவரிடம் உதவி கேட்கும்போது கோடை எப்படி அனுப்ப?

திரையைப் படமாக எடுத்து (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பினால் கோட்ஸ் நேரா வளைவா என்பதும், ஸ்பேஸ் உண்மையானதா என்பதும் பார்க்கிறவருக்குத் தெரியாது. எழுத்தாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் நேரடியாக ஒட்டினால் அடிக்கோடுகளையும் நட்சத்திரக் குறிகளையும் அது சாய்வெழுத்து, தடித்த எழுத்து என்று மாற்றிவிடும். முன்னும் பின்னும் மூன்று மூன்று பேக்டிக் போட்டால் தப்பிக்கும். அதைவிட எச்டிஎம்எல் ஃபைலையே டாக்குமென்ட்டாக இணைப்பது நல்லது. கூடவே இரண்டு வரி: என்ன வரவேண்டும், என்ன வருகிறது. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பதிலுக்குக் கேள்விதான் வரும்.